இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் ஐம்பத்தேழு

திருவனந்தபுரம் கரமனையில் பஸ் ஏறினால் முதலில் கண்ணில் படுவது ஜன்னல்களுக்கு மேலே மலையாளத்தில் எழுதியிருக்கும் எழுத்துகள்தான். இது பெண்களுக்கு, இது கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு, இது ‘முதிர்ந்ந பௌரன்மார்’க்கு, அதாவது மூத்த குடிமக்களுக்கு. நம் ஊரில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தவனுக்குத்தான் சீட்டு. இங்கே யாருக்கென்று எழுதி வைத்திருக்கிறதோ அவருக்குச் சீட்டு. வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த வேடிக்கை முழுதாகத் தீரவில்லை. இந்த வருஷம் ஒரு காலை நேரம், நானும் என் வீட்டுக்காரரும் ஏறியதும், மூத்த குடிமக்கள் சீட்டில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்து, “அங்கிளே, இவிடெ இருந்நோளூ” என்றாள். இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், எந்த அங்கிளைச் சொல்கிறாள் என்று. பிறகு புரிந்து, “வேண்டா மோளே, எனிக்கு அத்ர வயசு ஆயிட்டில்லா”, அவ்வளவு வயது ஆகவில்லை என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் உட்காரவில்லை, இவரும் உட்காரவில்லை, சீட்டு காலியாகவே வந்தது. விஷயம் என்னவென்றால், நாங்கள் அன்று போய்க்கொண்டிருந்தது இவருக்கு அறுபது வயது ஆகிவிட்டது, பென்ஷன் கொடுங்கள் என்று கேட்பதற்கு.

எங்களைச் சொல்லிவிடுகிறேன். வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. இவர் கொத்தனார். சின்ன வயதிலேயே செல்லையா மேஸ்திரி என்பவர் கூட்டிவந்த ஆட்களோடு திருவனந்தபுரம் வந்துவிட்டார். நான் கல்யாணம் ஆகி வந்தவள். பிளஸ் டூ படித்தவள் என்று அப்போது ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இங்கே வந்து பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறேன். கரமனையில் அக்ரகாரத் தெருக்களுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. தெருவில் இருப்பவர்களும் தமிழர்தான், சந்தில் இருக்கும் நாங்களும் தமிழர்தான். அவர்கள் வந்தது ராஜா காலத்தில், நாங்கள் வந்தது கான்கிரீட் காலத்தில், அவ்வளவுதான் வித்தியாசம் என்று இவர் கேலி பேசுவார். அந்த நாளில் மலையாளிகள் எங்களைப் ‘பாண்டி’ என்றார்கள். இப்போது ‘அண்ணாச்சி’ என்கிறார்கள். பாண்டியிலிருந்து அண்ணாச்சி ஆவதற்கு ஒரு மனிதனின் முழங்கால் தேய வேண்டியிருக்கிறது. இப்போது பாண்டி இருந்த இடத்தில் வங்காளத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

பென்ஷன் பேச்சு எப்படி வந்தது என்றால், போன மழைக்காலத்துக்கு முன்னால் மூன்றாவது மாடி பூச்சு வேலையில் இவருக்குச் சாரத்தின் மேலேயே தலை சுற்றிவிட்டது. கரண்டி கையிலிருந்து கீழே போயிற்று. பக்கத்தில் நின்ற வங்காளத்துப் பையன் இவருடைய பனியனைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டானாம். வீட்டுக்கு வந்து இவர் சொல்லவில்லை. பனியன் கிழிந்திருந்ததைத் தைக்க எடுத்தபோது நான் கேட்டுக் கேட்டு வாங்கியது. டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்து, உயரத்தில் ஏறக்கூடாது என்றார். ஏறாமல் கொத்தனார் வேலை பார்க்க இது என்ன கோலம் போடுகிற வேலையா? இறங்கிவிடுங்கள் என்று நான் சொன்னேன். எங்கள் மகள் சுதா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்தில் இருக்கிறாள். அவளும் சொன்னாள். இவர் பிடிவாதமாக ஒன்றே ஒன்று சொன்னார்: “பென்சன் வரட்டும், அன்னைக்கே எறங்கிருதேன். மவ கையப் பாத்துச் சாப்பிட மாட்டேன்.”

ஆகவே எங்கள் வீட்டில் பென்ஷன் என்பது பணமில்லை. மனிதர் சாரத்திலிருந்து உயிரோடு இறங்கும் நாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், இல்லாவிட்டால் என் ஆத்திரம் உங்களுக்கு அதிகப்படியாகத் தெரியும்.

கட்டடத் தொழிலாளர்களுக்கு இங்கே நல வாரியம் இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் யூனியன்காரர்கள் இவரை இழுத்துக்கொண்டுபோய் அதில் சேர்த்தார்கள். மாதாமாதம் சந்தா கட்டவேண்டும். மலையாளத்தில் ‘அம்சாதாயம்’ என்பார்கள். இவர் தவறாமல் கட்டினார். வேலை இல்லாத மழை மாதத்திலும் கட்டினார், நான் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊரில் இருந்தபோதும் கட்டினார். இதில் மட்டும் அவரை நான் குறை சொல்லமாட்டேன். அறுபது முடிந்துவிட்டது, இனி சந்தா வேண்டாம், பென்ஷனுக்கு அப்ளிகேஷன் கொடுங்கள் என்று அவர்களேதான் சொன்னார்கள். அந்த அப்ளிகேஷனைக் கொடுத்துச் சில வாரம் கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் அன்று பஸ் ஏறியது.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி நல்லவர். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார், இவருடைய ஆதார் கார்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“சேட்டா, நம்முடெ கார்டில் அறுபது கழிஞ்ஞு. பக்ஷே ஆதாரில் அம்பத்தேழே ஆயிட்டுள்ளூ. பென்ஷன் தரான் பற்றில்லா.”

எங்கள் கார்டில் அறுபது முடிந்தது, ஆதாரில் ஐம்பத்தேழுதான், அதனால் தர முடியாது. சரி, ஐம்பத்தேழு என்றால் ஐம்பத்தேழு, சந்தாவைத் திரும்பக் கட்டுகிறோம் என்றேன். அதுவும் முடியாதாம். வாரியத்தின் கார்டில் அறுபது முடிந்துவிட்டதே. அறுபது முடிந்தவரிடம் சந்தா வாங்கச் சட்டம் இல்லை.

இவர் மெதுவாகக் கேட்டார். “மேடம், ஞான் இப்போ கிழவனா, செறுப்பக்காரனா?”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசு கட்டுவதற்கு இவர் கிழவர், காசு வாங்குவதற்கு இவர் இளைஞர். உலகத்தில் எந்த மருந்து சாப்பிட்டால் மனிதன் இப்படி வேளைக்கு ஒரு வயதாக மாறுவான் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வயது எப்படி இரண்டானது என்பதைச் சொல்லவேண்டும். இவர் செல்லையா மேஸ்திரியோடு வந்து இறங்கியபோது பள்ளிச் சான்றிதழ்படி பதினைந்து. பதினைந்து வயதுப் பையனை வேலைக்கு வைத்தால் கேள்வி வரும். மேஸ்திரி இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பதினெட்டுன்னு போடு” என்றாராம். போட்டார்கள். அந்தப் பதினெட்டு கட்டடக்காரரிடமிருந்து யூனியனுக்குப் போய், யூனியனிலிருந்து வாரியத்துக்குப் போய், ஒரு பிள்ளைபோல் தானாக வளர்ந்து அறுபது ஆகிவிட்டது. மேஸ்திரி செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆதாரில் ஐம்பத்தேழு வந்தது எங்கள் புத்தியால். ஆதார் எடுக்கச் சொன்னபோது கரமனையிலேயே, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அங்கே எடுத்தோம். இங்கே எடுத்தால் ஊரில் நம் பேர் அழிந்துவிடும் என்று ஒரு பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நாங்களாகப் பயந்தோம். இந்தச் சந்தில் இருக்கிற எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் இதே கதைதான். கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற பட்டியலில், ரேஷன் கார்டில், வோட்டர் லிஸ்டில் ஊரில் ஒரு பேர் இருக்கவேண்டும். இங்கே வாழ்க்கை முழுவதும் இருப்போம், ஆனால் இருக்கிறோம் என்று எழுதிக்கொடுக்க மாட்டோம். அப்படி ஊரில் ஆதார் எடுத்தபோது பெட்டியிலிருந்து இவருடைய அண்ணன் எடுத்துக்கொடுத்தது பள்ளிக்கூடச் சான்றிதழ். அதிலிருந்து வந்தது ஐம்பத்தேழு.

அந்தப் பெண்மணி இரண்டு வழி சொன்னார். முதல் வழி சுலபம். பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தால் வாரியத்தின் கார்டை ஐம்பத்தேழு என்று திருத்திவிடலாம். அதன்பிறகு சந்தா கட்டிக்கொண்டு, வேலை செய்கிறார் என்று கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துக்கொண்டு, மூன்று வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது வழி, ஆதாரை அறுபதாக மாற்றுவது. அதற்கு அறுபது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து வயது எழுதித் தரவேண்டும், அதன் மேலும் அலைச்சல் இருக்கிறது. “நிங்ஙளுடெ நாட்டில் போயி ஸ்கூள் சர்ட்டிபிக்கட் கொண்டு வரூ, அதா நல்லது” என்றார். இங்கே நாடு என்றால் சொந்த ஊர் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிற சொல். ஆனாலும் அன்று அது பாஸ்போர்ட் கேட்கிற மாதிரிதான் காதில் விழுந்தது. நாங்கள் பூசிய சுவர்களுக்குள் உட்கார்ந்துகொண்டு உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று வெளியே வந்ததும் கேட்டேன். இவர் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்து, “இது நாங்க பூசுனது இல்லட்டி. பூச்சப் பாரு, அலை அலையா கெடக்கு” என்றார். என்ன மனிதர் இவர்.

வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இவர் முதல் வழியைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு வருசந்தானட்டி. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்.”

“கண்ண மூடுனா சாரத்துல இருந்து கீழதான் போவீங்க” என்றேன்.

“அம்மா, நீங்க வெறுதே டென்ஷன் ஆகாதீங்க” என்றாள் சுதா. அவள் இங்கேயே பிறந்து மலையாளம் படித்தவள். தமிழ் பேசும்போதும் பாதி மலையாளம்தான் வரும். “அப்பா வேலைய நிறுத்தட்டே. பென்ஷன் எப்போ கிட்டுதோ கிட்டட்டும். என் சம்பளம் இல்லையா?”

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒன் சம்பளம் ஒனக்கு. நான் கான்ட்ராக்டர்ட்ட சொல்லிட்டேன், மூணு வருசம் கையெழுத்துப் போட்டுத் தாரேன்னுட்டாரு.”

கையெழுத்துப் போடும் கான்ட்ராக்டர் சும்மா போடுவாரா. அவர் வேலைக்கு வரச்சொல்லித்தான் போடுவார். எனக்கு எரிந்த எரிச்சலில் அந்த வாரம் தைத்த யூனிபார்ம் எல்லாம் தையல் கோணலாகப் போயிற்று. பிரித்துத் தைத்தேன். எனக்குக் கோபம் எல்லார் மேலும் இருந்தது. கண்ணால் அளந்து வயது போட்ட மேஸ்திரி மேல், அறுபது என்று இத்தனை வருஷம் சந்தாவை வாங்கிக்கொண்டு கடைசி நாளில் ஐம்பத்தேழு என்கிற வாரியத்தின் மேல், எங்கிருந்து வந்தாலும் ஒரு கார்டையே கேட்கிற உலகத்தின் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, சுலபமான வழி என்று சொல்லிச் சாவுக்கு நாள் குறிக்கிற இந்த மனிதர் மேல்.

சான்றிதழ் வாங்க ஊருக்குப் போனோம். பழைய சான்றிதழ் கரையான் அரித்து ஓரம் போயிருந்ததால் புதிதாக ஒன்று பள்ளியிலிருந்து வேண்டும் என்றிருந்தது. இவர் படித்த பள்ளிக்கூடம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. தலைமையாசிரியை சின்ன வயசுக்காரி. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து எங்களுக்கும் காட்டினாள். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பிறந்த தேதி. ஊரில் இருக்கிற தாய்மார் எல்லோரும் சொல்லிவைத்து ஒரே நாளில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவள் சிரித்தாள். “எல்லா ஊர்லயும் அப்படித்தான்மா. அஞ்சு வயசுன்னு காட்டணும், வாத்தியார் ஒரு தேதி போட்டுருவாரு” என்றாள். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தாள். இவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடைக்குக் கிடைத்த பிரசாதம்போல அடிக்கொரு தரம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பேச்சியம்மா வீட்டுக்குப் போனோம். பேச்சி இவருடைய சித்தி மகள். இரண்டு பேருடைய அம்மாமாரும் அக்காள் தங்கை. பேச்சியின் புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, ஒற்றையாக இருக்கிறாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன திடீரென்று என்று கேட்டாள். நான் சொன்னேன். வயது ஐம்பத்தேழு என்று மாற்றப் போகிறோம் என்று சொன்னதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அண்ணனுக்கு அம்பத்தேழா? அப்ப நான் யாரு பாலக் குடிச்சேன் மைனி?”

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள்.

“என்னயப் பெத்ததும் எங்கம்மைக்கு ஜன்னி கண்டுட்டு. பெரியம்மதான் ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான்னு கெடத்திப் பால் குடுத்தா. அண்ணன் அப்ப தவழ ஆரம்பிச்சிருக்கு. பெரியம்ம சாகுத வரைக்கும் சொல்லிக் காட்டுவாளே, எம்மவன் பாலப் புடுங்கிக் குடிச்சவ நீன்னு. எனக்கு இப்பத்தான் அறுபதுன்னு முதியோர் உதவித்தொகை வந்துட்டு. எனக்கு அறுபதுன்னா அண்ணனுக்கு எப்படி அம்பத்தேழு?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பள்ளிக்கூடத்துல அஞ்சுன்னு எப்படிப் போட்டான்?” என்றார் கடைசியில், தனக்குத்தானே கேட்கிற மாதிரி.

“எப்படிப் போட்டாரா? ஒமக்குக் கை எட்டலல்லா” என்றாள் பேச்சி.

பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, தொடாவிட்டால் இன்னும் ஆகவில்லை. இவருக்குக் கை குட்டை. இன்றைக்கும் சட்டை தைத்தால் கைப்பகுதியில் நான் துணியை மிச்சம் பிடிப்பேன். முதல் வருஷம் எட்டவில்லை, போய்விட்டு அடுத்த வருஷம் வா என்றார் வாத்தியார். அடுத்த வருஷமும் எட்டவில்லை. ஆடு மேய்க்கப் போனார். அதற்கும் அடுத்த வருஷமும் எட்டவில்லை. கடைசியில் ஒரு வருஷம் எட்டிற்று. “அப்பவும் எட்டல. தலையக் கொஞ்சம் சாச்சிக்கிட்டேன்” என்றார் இவர், இத்தனை கூத்திலும் ஒரு சின்னப் பெருமையோடு. காதைத் தொட்ட அன்றைக்கு இவருக்கு ஐந்து வயது என்று எழுதினார்கள். உண்மையில் எட்டு ஆகியிருக்கவேண்டும். பேச்சியைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அதனால் அவள் வயதை யாரும் எழுதவில்லை, எழுதாததால் யாரும் கெடுக்கவும் இல்லை. கார்டு எடுக்க வந்தவர்களிடம் ஊர்ப் பெண்கள் கணக்குப் போட்டுச் சொன்ன வயது சரியாக இருந்தது.

இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது. செல்லையா மேஸ்திரி பொய் வயது போட்டார் என்று இத்தனை காலம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஒரு பையனை நேராகப் பார்த்துப் பதினெட்டு என்றார், பதினெட்டாகவே இருந்திருக்கிறது. பொய் என்று நினைத்தது நிஜம், சீல் வைத்த நிஜம் பொய். அந்தப் பொய்யைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்கிறார், மூன்று வருஷம் சாரத்தில் ஏறுவதற்கு. ஒரு தாயின் பாலுக்கு எந்த அலுவலகத்தில் சான்றிதழ் தருவார்கள்? டாக்டரிடம் போனால் பல்லைப் பார்ப்பாராம், எலும்பைப் படம் எடுப்பாராம். மாட்டுச் சந்தையில் வாயைப் பிளந்து பார்க்கிற மாதிரி. வாழ்க்கை முழுவதும் இந்த உடம்பால் வேலை செய்தவனை, கடைசியில் இந்த உடம்பாலேயே நிரூபி என்கிறார்கள்.

பேச்சி ஒரு யோசனை சொன்னாள். “எதுக்கு அங்க கெடந்து அல்லாடணும். இங்க வந்துருங்க, இங்க எழுதிப் போடுவோம்.” அவளே கிராம அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் இவருடைய ஆதாரைப் பார்த்தார். “அம்பத்தேழுதானே ஆவுது. அதுவும் நீங்க கேரளாக்காரங்கள்லா. அங்க நல்லாக் குடுப்பாங்களே, இங்க எதுக்கு வாரீங்க?” என்றார். அவர் பேச்சில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அங்கே உங்கள் நாடு என்றார்கள், இங்கே கேரளாக்காரர் என்கிறார்கள். ஊரில் பேர் இருக்கவேண்டும் என்றுதானே ஆதாரை இங்கே எடுத்தோம், கொடைக்கு வரி கொடுத்தோம், வோட்டுப் போட லீவு போட்டுக்கொண்டு பஸ்ஸில் நசுங்கி வந்தோம். பேர் இருக்கிறது. பேருக்குரிய ஆளைத்தான் ஊர் மறந்துவிட்டது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, நான் இதை எழுதத்தான் செய்வேன். வெளியூரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் நான் இவரிடம் பேசினேன். கத்தவில்லை. கத்துகிற கட்டம் தாண்டிவிட்டது.

“அந்தச் சர்டிபிகேட்டக் குடுத்தா நீங்க பொய் சொல்லுதீங்கன்னு அர்த்தம். ஒங்க அம்மை பாலும் பொய்யின்னு அர்த்தம். நான் டாக்டர்ட்டப் போறேன், கோர்ட்டுன்னாலும் போறேன். எவ்வளவு நாள் ஆனாலும் ஆவட்டும். ஆனா அதுவரைக்கும் நீங்க ஏறக்கூடாது.”

“அதுவரைக்கும் என்னத்தச் சாப்பிட?”

“என் மெஷின் ஓடுது. மவ கையப் பாக்க வேண்டாம், பொண்டாட்டி கையப் பாருங்க. நான் வந்ததுல இருந்து ஒங்க கையத்தானே பாத்தேன், எனக்கு அது கொறச்சலாத் தெரியல.”

வந்த பஸ்ஸுக்கு இவர் கை காட்டினார். நாகர்கோவிலில் மாறி, களியக்காவிளை பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். எனக்கு ஒரு அம்மாள் ஒதுங்கி இடம் கொடுத்தாள். இவர் நின்றுகொண்டு வந்தார். மேல் கம்பியைப் பிடிக்க இவருக்குக் கை எட்டாது, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். “தம்பி, உள்ள போங்க, தம்பி, வழியில நிக்காதீங்க” என்று கண்டக்டர் இவரைத் தள்ளிக்கொண்டே இருந்தார். கண்டக்டருக்கு வயது முப்பது இருக்கும். நம் பக்கத்தில் எல்லோரும் தம்பிதான், அதில் தப்பொன்றும் இல்லை. மார்த்தாண்டம் வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் இவர் அந்தக் குட்டைக் கையில் தொங்கினார். அடுத்த கையால் சட்டைப்பையைப் பிடித்திருந்தார். என் கண்ணுக்கு இவர் பஸ்ஸில் நிற்கவில்லை. மூன்றாவது மாடியில் நின்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

களியக்காவிளையில் இறங்கி, எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்து, கரமனை வழியாகத் தம்பானூர் போகிற கேரள பஸ்ஸில் ஏறினோம். அதிலும் கூட்டம்தான். ஜன்னலுக்கு மேலே அதே எழுத்து. அதன் கீழே காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாணவி இவரைப் பார்த்ததும் எழுந்து, “அங்கிளே, இருந்நோ” என்றாள். இந்தத் தடவை இவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் நகர்ந்து, முழங்காலைக் கையால் பிடித்து நீட்டிக்கொண்டார். கண்டக்டர் வந்தார், இவர் முகத்தைப் பார்த்தார், டிக்கெட் கொடுத்தார், அடுத்த ஆளிடம் போனார். ஆதார் எங்கே என்று கேட்கவில்லை.

பாலராமபுரம் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இத நீயே வச்சிக்க. கான்ட்ராக்டர்ட்டயும் நீயே சொல்லிரு. நான் சொன்னா வாய் கொளறும்.”

“என்னன்னு சொல்ல?”

“எறங்கிட்டாருன்னு சொல்லு.”

டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார், வரிசையில் நிற்கிறோம். என்ன ஆகும் என்று தெரியாது. ஒரு அரசு இவரைக் கிழவர் என்கிறது, இன்னொரு அரசு இல்லை என்கிறது, இரண்டும் சேர்ந்து கையை விரிக்கின்றன. களியக்காவிளைவரை கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த தம்பியும், அங்கிருந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வந்து, கரமனையில் என் தோளைப் பிடித்துப் படி இறங்கிய கிழவரும் ஒரே ஆள்தான். இரண்டு பேரில் யாருக்குப் பென்ஷன் என்பதை அவர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும். சாரத்தில் ஏற இனி இரண்டு பேரில் ஒருவரும் வரமாட்டார்.